கிளைகளைக் கோர்க்கும் மேகம்

அலுவலகங்களை இணைக்கும் செலவு குறைந்துவிட்டது. ஆனால் இணைத்தால் மட்டும் போதுமா?

லூதியானாவில் பின்னலாடைத் தொழிற்சாலை, பிவண்டியில் கிடங்கு, டெல்லியில் விற்பனை அலுவலகம் என்று ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிடங்கில் எத்தனை ஸ்வெட்டர் மிச்சம் என்று டெல்லிக்குத் தெரிய ஒரு காலத்தில் டெலிபோன்தான் வழி. கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைக்கத் தனி லைனை வாடகைக்கு எடுக்க வேண்டும். அல்லது மொட்டைமாடியில் வி-சாட் ஆன்டெனா வைக்க வேண்டும். 1994ல் தேசியப் பங்குச் சந்தை தரகர்களை அப்படித்தான் இணைத்தது. சிறிய நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகாத சமாச்சாரம்.

இன்று அந்த வேலையைச் சாதாரண பிராட்பேண்டே செய்துவிடுகிறது. தகவலைச் சங்கேதமாக்கி, பொது இன்டர்நெட்டுக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதை அமைத்து அனுப்புவதுதான் வி.பி.என். சிக்கல் வருவது கிளைகள் பெருகும்போது. ஒவ்வொரு கிளையையும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாக இணைப்பதென்றால் 5 அலுவலகங்களுக்கு 10 பாதைகள். 10 அலுவலகங்களுக்கோ 45.

இதற்கு ரயில்வே ஜங்ஷன் பாணியில் விடை சொல்கிறது கிளவுட். பெரிய நிறுவனத்தின் டேட்டா சென்டரில் வாடகைக்கு ஒரு மையம்; ஒவ்வொரு கிளையும் அதனோடு மட்டும் இணைந்தால் போதும். 10 கிளைகளுக்கு 10 பாதைகள்தான். மைக்ரோசாஃப்ட் 2015லும் அமேசான் 2016லும் இந்தியாவிலேயே டேட்டா சென்டர்களைத் திறந்த பிறகு, தகவல் கடல் கடந்து சென்று திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

இடறல்கள் வேறு இடத்தில் காத்திருக்கின்றன. கடையில் வாங்கும் பல ரூட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் ஒரே வரிசை எண்களுடன் வருகின்றன. இரண்டு கிளைகளிலும் அதே எண்கள் இருந்தால், ஒரே ஊரில் இரண்டு காந்தி தெரு இருந்தால் தபால்காரர் படும் பாட்டைத்தான் மையமும் படும். கிளைக்கு ஒரு வரிசை என்று முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. கிளையில் இருப்பது ஒரே பிராட்பேண்ட் லைன் என்றால் அது அறுந்த நிமிடமே வேலையும் நிற்கும். இன்னொரு நிறுவனத்தின் லைன் கைவசம் இருப்பது அவசியம்.

பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. சுரங்கப்பாதை வெளியார் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். ஒரு கிளைக்குள் புகுந்துவிட்ட வைரஸைத் தடுக்காது. மாறாக, அடுத்த கிளைக்கு வழிகாட்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைச் சைபர் தாக்குதல் முடக்கியபோது, நோயாளிகளின் பதிவு பல நாட்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பியது. நெட்வொர்க் சரியாகத் தடுத்துப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வி.பி.என். வைத்திருப்பவர்களுக்கும் இது பாடம்.

பொறுப்பும் கூடியிருக்கிறது. 2022 ஏப்ரலில் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும்.

பிவண்டி கிடங்குக்குச் சரக்குப் பட்டியல் தேவை. சம்பளக் கணக்கு தேவையில்லை. மையத்தில் அந்தக் கதவை மூடிவைக்கக் கூடுதல் கருவி வேண்டாம், சில வரி விதிகள் போதும். கிளைகளை இணைப்பதை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். எதை இணைக்கக் கூடாது என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும்.