பாட்டரியை என்ஜினிலிருந்து தள்ளி வைக்கலாமா?

காய்கறி, கீரை, வாழைத்தார் முதலியவற்றை மார்க்கெட்டுக்குக் கொண்டு செல்லச் சொந்தமாகவே பிக்-அப் வண்டி வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்று பலர் உள்ளனர். டயருக்கு அடுத்தபடியாக இவ்வண்டிகளில் அடிக்கடி செலவு வைப்பது பாட்டரிதான். நாலு வருஷமாவது உழைக்க வேண்டியது இரண்டே வருஷத்தில் படுத்துவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குச் சரக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டால், அன்றைய கீரைக்கு விலை கிடைத்த மாதிரிதான்.

இதற்கு மருந்தாக, பாட்டரியை என்ஜின் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்னால் எங்காவது வைத்துவிடும்படி சில பட்டறைகளில் யோசனை சொல்கிறார்கள். யோசனையில் தப்பில்லை. லாரிகளில் பாட்டரி சேசிஸின் பக்கத்தில் தனிப் பெட்டியில்தான் இருக்கிறது. இருக்கைக்கு அடியில் என்ஜின் உள்ள சிறு வண்டிகள் பலவற்றிலும் அப்படியே. பொலேரோ பிக்-அப் போல முன்னால் பானெட் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில்தான் என்ஜினும் பாட்டரியும் ஒரே அறையில் குடியிருக்கின்றன. ஆனால் அரைகுறையாக இடம் மாற்றப்பட்ட பாட்டரி, வெப்பத்தில் கெடும் பாட்டரியைவிட ஆபத்தானது. வண்டி தீப்பற்றவும் அது காரணமாகலாம்.

முதலில் வெப்பம் பாட்டரியை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட இந்தப் பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் காஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு நாட்டின் குளிருக்கு அது ஒத்துப்போயிருக்கும். புதுச்சேரி வெயில் வேறு. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிறது, தகடுகளின் சட்டம் அரிக்கிறது. சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வண்டி ஓடும்போதாவது காற்று அடிக்கிறது. நிறுத்திய பிறகு மின்விசிறியும் நின்று, என்ஜின் சூடு முழுவதும் மூடிய பானெட்டுக்குள் தங்கிவிடுகிறது. சித்திரை வைகாசியில் மார்க்கெட் வாசலில் ஒரு மணி நேரம் நிற்கும் வண்டியில் பாட்டரி அடுப்பின் பக்கத்தில் வைத்த பாத்திரம்போல் ஆகிறது.

இருந்தாலும், பாட்டரி கெட்டதற்கு வெப்பம்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பிரிக்கக் கூடாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுது. அது பாட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் பாட்டரியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கெடத்தான் செய்யும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியில் சார்ஜ் ஏறவே நேரம் போதாது. அதற்கும் இடம் மாற்றுவது பரிகாரம் அல்ல.

அடுத்தது, எங்கே வைப்பது என்ற கேள்வி. இதற்கு எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. புதுச்சேரி தேங்காய்த்திட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பங்கழி, கடல் எட்டும் தூரத்தில். பகலில் காய்கறி ஏற்றும் வண்டியே இன்னொரு வேளை மீன் பெட்டிக்கும் வாடகைக்குப் போவது இப்படிப்பட்ட இடங்களில் உண்டு. மீன் பெட்டியிலிருந்து ஐஸும் உப்பும் கலந்த நீர் சரக்குத் தளத்தின் இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். பாட்டரியைத் தளத்துக்கு நேர் கீழே வைத்தால் அந்த நீர் டெர்மினல் மேல்தான் விழும். பானெட்டின் சூட்டிலிருந்து தப்பிய பாட்டரி உப்பில் மாட்டிக்கொள்ளும். பாகூர்ப் பக்கத்து நெல் விவசாயிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருக்குச் சேறும் வயல் வரப்பும்தான் பிரச்சினை.

வெள்ளத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தாழ்வான பகுதிகளில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. பானெட்டுக்குள் உயரத்தில் இருக்கும் பாட்டரியைச் சேசிஸுக்குக் கீழே இறக்கினால், முழங்கால் அளவுத் தண்ணீரே அதற்குப் போதும்.

ஆகவே சேசிஸின் வெளிப்பக்கத்தில், ஓட்டுநர் அறைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், சக்கரம் வாரி இறைக்கும் சேறு படாத இடமே பெரும்பாலும் ஏற்றது. சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சூட்டை விட்டு இன்னொரு சூட்டுக்குப் போனதாகும். பாட்டரி ஏறத்தாழ 20 கிலோ எடை உள்ளது. குண்டுங்குழியுமான சாலையில் அது குதிக்கும். தாங்கும் சட்டத்தைப் பற்ற வைக்காமல் போல்ட்டு போட்டு முறுக்குவது நலம். சேசிஸ் பட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவே கூடாது, பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தான். நடுப்பட்டையில் கம்பெனியே போட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம் கேபிள். பட்டறையில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பாட்டரி என்ஜின் பக்கத்தில் இருந்தபோது ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கேபிள் ஒரு முழம், இரண்டு முழம்தான். பின்னால் கொண்டுபோனால் அது மூன்று மீட்டராகும். டீசல் வண்டியின் ஸ்டார்ட்டர் ஒரு தடவை சுற்ற 300 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 25 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் மூன்று மீட்டர் தூரத்துக்கு 0.63 வோல்ட் வழியிலேயே வீணாகிறது. 50 சதுர மில்லிமீட்டரானால் 0.3 வோல்ட்தான். எர்த்துக்கும் தனிக் கேபிள் இழுத்தால் போகவர ஆறு மீட்டர். அப்போது 70 சதுர மில்லிமீட்டர் போட்டால்தான் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். அரை வோல்ட் என்றால் அற்பமாகத் தோன்றலாம். குளிர்ந்த அதிகாலையில், பழைய பாட்டரியில், வண்டி கிளம்புவதும் கிளம்பாததும் அந்த அரை வோல்ட்டில்தான் இருக்கிறது. பழைய கேபிளோடு ஒரு துண்டை ஒட்டுப்போட்டு நீட்டுவது பணத்தை மிச்சப்படுத்தாது, ஸ்டார்ட்டரைத்தான் எரிக்கும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிளும் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் நுனியைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது.

எர்த் விஷயத்தில் சேசிஸை மட்டும் நம்புவது கடற்கரை ஊர்களில் சரிப்படாது. போல்ட்டின் அடியில் துரு ஏறினால் மின்சாரம் போக வழியில்லை. பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜின் பிளாக்குக்கே நேராகக் கேபிள் கொண்டுபோய், இணைப்பு இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட வேண்டும்.

பாசிட்டிவ் கேபிள் நீளமாகச் சேசிஸ் ஓரமாக ஓடுவதுதான் தீக்கு மூலகாரணம். மாதக்கணக்கில் இரும்பு விளிம்பில் உராய்ந்து ரப்பர் தேய்ந்து, ஒரு நாள் செம்பு இரும்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அணைக்கச் சுவிட்ச் இராது. எனவே பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஸ்டார்ட்டர் இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதல் அளவுள்ள போல்ட்டு வகைப் பட்டை பியூஸ் அவசியம். கேபிள் முழுவதையும் நெளிகுழாய்க்குள் விட்டு, சாணுக்குச் சாண் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போட வேண்டும். லாரிகளில் இருப்பதுபோல் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வைத்தால் இரவில் நிறுத்தும்போது நிம்மதி. ஆனால் என்ஜின் ஓடும்போது அதைத் திருப்பக் கூடாது, ஆல்டர்னேட்டர் போய்விடும்.

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். நீர் ஊற்றும் வகைப் பாட்டரியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், காற்றில்லாத இடத்தில் அடைத்து வைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. பெட்டி செய்தால் மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும். மூடியின் உட்பக்கம் ரப்பர் ஒட்டியிருந்தால், சரக்கு ஏற்றும்போது மண்வெட்டியோ கடப்பாரையோ விழுந்து இரண்டு முனைகளையும் இணைத்துவிடாது.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்துள்ள பி.எஸ்.6 வண்டிகளில் மின்னணுச் சாதனங்கள் அதிகம். அவ்வகை வண்டிகளின் கேபிள்களைக் கிராமப் பட்டறையில் வெட்டி ஒட்டுவது விஷப்பரீட்சை. வாரண்டி உள்ள வண்டியாயின் கம்பெனி சர்வீஸில் கேட்காமல் தொடவே வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பாட்டரி இருக்கும் இடம் சான்றிதழில் எழுதப்படுவதில்லை என்றாலும், தீ விபத்துக்கு நஷ்டஈடு கேட்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி இதைச் சுட்டிக்காட்டக் கூடும். முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து வைப்பது உத்தமம்.

இவ்வளவு செலவும் தொல்லையும் வேண்டாம் என்பவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. பாட்டரிக்கும் என்ஜினுக்கும் நடுவே, விரல் அளவு இடைவெளி விட்டு, ஒரு தகடு மறைப்பு வைக்கலாம். சரக்கு இறக்கும் நேரத்தில் பானெட்டைத் திறந்து வைக்கலாம். மாதம் ஒருமுறை நீர் மட்டத்தைப் பார்த்துக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் கூடாது. தேங்காய்த்திட்டு போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில், டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் படிவைச் சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்து வாசலின் தடவ வேண்டும். வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகள் பலவற்றுக்கு இதுவே போதுமானது.

இடம் மாற்றியே தீர வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வோல்ட்மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். எர்த் பக்கமும் அவ்வாறே. இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். பதினைந்து நாள் கழித்து, வண்டியைக் கிளப்பியவுடன் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்தால், சூடாக இருப்பது எதுவோ அதை மறுபடி முறுக்க வேண்டும்.