சிப் வீச்சில் மட்டைத் தெரிவு

சிப் வீச்சு என்பது கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், கிரீனுக்கு வெளியே சில தப்படித் தொலைவில் கிடக்கும் பந்தைத் தாழ்வாகத் தூக்கி, கிரீனில் விழச்செய்து, எஞ்சிய தொலைவை உருண்டு கடக்கவிடும் குறுகிய வீச்சு ஆகும். குழி அமைந்துள்ள, புல் மிக ஒட்ட நறுக்கப்பட்ட பகுதியே கிரீன் எனப்படுகிறது. ஆட்டக்காரரின் பையில் உள்ள மட்டைகளில் ஏறத்தாழ எதைக்கொண்டும் சிப் ஆட முடியும். எனவே, எப்படி ஆடுவது என்பதற்கு முன்பே எந்த மட்டையை எடுப்பது என்ற கேள்வி எழுகிறது.

முதல் வீச்சில் பந்தை 250 யார் அனுப்புவதும், கிரீன் ஓரத்தில் இருந்து 10 யார் நகர்த்துவதும் ஆட்டக் கணக்கில் ஒரு வீச்சே. தேர்ந்த ஆட்டக்காரர்களும் ஒவ்வொரு சுற்றிலும் பல கிரீன்களைத் தவறவிடுகின்றனர். அப்போது ஒரு சிப், ஒரு பட் என இரண்டே வீச்சுகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவர் தவறை ஈடுகட்டிவிடுகிறார். சிப் பிழைத்தால் மூன்று, நான்கு வீச்சுகள் செலவாகும்.

பிற வீச்சுகளுடன் வேறுபாடு

கிரீனை ஒட்டி ஆடப்படும் வீச்சுகள் மூன்று வகைப்படும். பட் வீச்சில் பந்து தொடக்கம் முதலே தரையில் உருள்கிறது. சிப் வீச்சில் பந்து சிறிது தூரம் பறந்து, அதிக தூரம் உருள்கிறது. பிட்ச் வீச்சில் பந்து உயரப் பறந்து, விழுந்த இடத்தில் இருந்து சிறிது தூரமே உருள்கிறது.

பந்து தரையில் உருளும்போது அதன் போக்கைக் கணிப்பது எளிது; காற்றில் எழும்போது பிழைக்கு வழி கூடுகிறது. அதனால் பட் ஆட முடிந்த இடத்தில் பட் ஆடுவது, அது இயலாதபோது சிப் ஆடுவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் பிட்ச் ஆடுவது என்ற வரிசையைப் பயிற்றுநர்கள் பலர் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றனர்.

மட்டைகளும் சாய்வுக் கோணமும்

மட்டையின் முகம் செங்குத்தில் இருந்து பின்னோக்கிச் சாய்ந்துள்ள அளவே சாய்வுக் கோணம் ஆகும். கோணம் கூடினால் பந்து உயரப் பறக்கும், பின்சுழற்சி கூடும், உருளும் தூரம் குறையும். கோணம் குறைந்தால் பந்து தாழப் பறந்து நெடுந்தூரம் உருளும். சிப் ஆடப் பயன்படும் மட்டைகளின் ஏறத்தாழ அளவுகள் பின்வருமாறு:

- 7ஆம் எண் அயர்ன்: 30 முதல் 35 பாகை
- 8ஆம் எண் அயர்ன்: 35 முதல் 40 பாகை
- 9ஆம் எண் அயர்ன்: 40 முதல் 44 பாகை
- பிட்சிங் வெட்ஜ்: 44 முதல் 48 பாகை
- கேப் வெட்ஜ்: 50 முதல் 52 பாகை
- சாண்ட் வெட்ஜ்: 54 முதல் 58 பாகை
- லாப் வெட்ஜ்: 58 பாகைக்கு மேல்

மட்டையில் குறிக்கப்பட்டுள்ள கோணம் அப்படியே பந்துக்குக் கிடைப்பதில்லை. சிப் ஆடும்போது உடல் எடை முன்காலில் இருக்க, கைகள் பந்தைவிடச் சற்று முன்னால் நிற்கின்றன. இதனால் மட்டையின் தண்டு இலக்கை நோக்கிச் சாய்ந்து, பந்தைத் தொடும் கணத்தில் முகத்தின் சாய்வு சில பாகைகள் குறைகிறது. கைகளை மிகவும் முன்தள்ளினால் சாண்ட் வெட்ஜும் பிட்சிங் வெட்ஜைப் போல நடந்துகொள்ளும்.

வெட்ஜ்களில் இன்னொரு கோணமும் கருதத்தக்கது. மட்டையின் முன்விளிம்பைவிட அதன் அடிப்பகுதி எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் காட்டும் இக்கோணம் பவுன்ஸ் எனப்படும். பவுன்ஸ் மிகுந்த வெட்ஜ் மென்மண்ணிலும் மணலிலும் புதையாமல் வழுக்கிச் செல்லும். அதே மட்டை கெட்டித் தரையில் மேலே எகிறி, பந்தின் நடுவில் இடிக்கக்கூடும். ஆகவே இறுகிய தரையில் பவுன்ஸ் குறைந்த மட்டையும், இளகிய தரையில் பவுன்ஸ் மிகுந்த மட்டையும் ஏற்றவை.

தெரிவு செய்யும் முறை

பெரும்பாலான பயிற்றுநர்கள் மட்டையில் இருந்து தொடங்குவதில்லை; பந்து விழவேண்டிய இடத்தில் இருந்து தொடங்குகின்றனர். கிரீனின் ஓரத்தைத் தாண்டி ஒரு தப்படி அளவு உள்ளே, இயன்றவரை சமதளமான ஒரு புள்ளி முதலில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கிரீனுக்கு வெளியே உள்ள புல் சீரற்றது என்பதால், அங்கே விழும் பந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாது. அந்தப் புள்ளி வரை பறந்து, அங்கிருந்து குழி வரை உருளும் வகையில் பந்தை அனுப்பும் மட்டையே அந்தச் சூழலுக்கு உரியது.

*பன்னிரண்டின் விதி*

இக்கணக்கை எளிதாக்கப் பலரும் பயன்படுத்தும் வழி பன்னிரண்டின் விதி எனப்படுகிறது. பந்தில் இருந்து விழுமிடம் வரையிலும், விழுமிடத்தில் இருந்து குழி வரையிலும் உள்ள தூரங்கள் தப்படியால் அளக்கப்படுகின்றன. உருளும் தூரத்தைப் பறக்கும் தூரத்தால் வகுத்து, கிடைக்கும் எண்ணை 12-இல் இருந்து கழித்தால் மட்டையின் எண் கிடைக்கும். இதில் பிட்சிங் வெட்ஜ் 10 என்றும், சாண்ட் வெட்ஜ் 11 என்றும் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, விழுமிடம் 4 தப்படியிலும், அங்கிருந்து குழி 12 தப்படியிலும் இருந்தால் விகிதம் 3 ஆகும். 12-இல் 3 போக 9. எனவே 9ஆம் எண் அயர்ன் பொருந்தும். 3 தப்படி பறந்து 18 தப்படி உருளவேண்டுமெனில் விகிதம் 6. 6ஆம் எண் அயர்ன் பொருந்தும். பறப்பதும் உருளுவதும் சமமாக இருக்கவேண்டிய இடத்தில் விகிதம் 1. அங்கே சாண்ட் வெட்ஜ் எடுக்கப்படும்.

இவ்விதி நடுத்தர வேகமுள்ள, சமதளமான கிரீனுக்கே நேரடியாகப் பொருந்தும். விழுமிடத்தில் இருந்து குழி மேட்டில் இருந்தால் சாய்வு குறைந்த அடுத்த மட்டைக்கும், பள்ளத்தில் இருந்தால் சாய்வு கூடிய அடுத்த மட்டைக்கும் மாறுவது வழக்கம்.

*கிரீனின் வேகம்*

ஒரே சிப் ஒரு திடலில் குழியருகே நிற்கும். இன்னொரு திடலில் குழியைக் கடந்து ஓடிவிடும். கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற எளிய சரிவுக் கருவி பயன்படுகிறது. 1935ஆம் ஆண்டு ஓக்மான்ட் திடலில் நடைபெற்ற அமெரிக்க ஓப்பன் போட்டியைக் கண்ட எட்வர்ட் ஸ்டிம்ப்சன் இதனை உருவாக்கினார். கருவியில் இருந்து இறங்கும் பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே கிரீனின் வேகம். வேகம் கூடினால் சாய்வு கூடிய மட்டை தேவைப்படும். மழைக்குப் பின்னும், காலைப் பனி உலராத வேளையிலும் பந்து மெல்ல உருளும். அப்போது சாய்வு குறைந்த மட்டை உதவும்.

*பந்து கிடக்கும் நிலை*

பந்து புல்லின் மேல் நன்றாக அமர்ந்திருந்தால் எல்லா மட்டைகளும் கைகொடுக்கும். நெடும்புல்லில் புதைந்திருந்தால் மட்டைக்கும் பந்துக்கும் இடையே புல் சிக்கிப் பின்சுழற்சி குறையும்; பந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் ஓடும். அவ்விடத்தில் புல்லை ஊடுருவிப் பந்தைத் தூக்கச் சாண்ட் வெட்ஜோ லாப் வெட்ஜோ தேவைப்படும். புல் அற்ற வறண்ட தரையில் சாய்வு மிகுந்த வெட்ஜ் ஆபத்தானது. 8 அல்லது 9ஆம் எண் அயர்ன், அல்லது பட்டர் அங்கே பாதுகாப்பானது.

மணற்குழியோ மேடோ இடையில் இருந்து, குழியும் கிரீனின் அருகிலேயே இருந்தால் தாழ்வான சிப் உதவாது. அங்கே பிட்ச் வீச்சே வழி.

ஒரு மட்டையா, பல மட்டைகளா

மட்டைத் தெரிவில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. முதல் தரப்பினர் வீச்சை மாற்றாமல் மட்டையை மாற்றச் சொல்கின்றனர். கையசைவு எப்போதும் ஒன்றே என்பதால் நெருக்கடியில் பிழை குறைகிறது. பந்து உருளும் தூரத்தை மட்டையே பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் தரப்பினர் ஒரே வெட்ஜை வைத்துக்கொண்டு, முகத்தைத் திறந்தும் மூடியும், பந்தை முன்னும் பின்னும் வைத்தும் வேறுபடுத்தச் சொல்கின்றனர். ஒரே மட்டையுடன் பழகுவதால் கைக்கு நுண்ணுணர்வு கிடைக்கிறது என்பது இவர்கள் வாதம்.

குறுவீச்சுத் திறனுக்குப் பெயர்பெற்றவர் அமெரிக்கரான பால் ரன்யன். உருவத்தில் சிறியவரும் பந்தை நெடுந்தூரம் அடிக்க இயலாதவருமான இவர், 1938ஆம் ஆண்டு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், தம்மைவிட மிகத் தொலைவு அடிக்கும் சாம் ஸ்னீடை எதிர்கொண்டார். 36 குழிகள் கொண்ட அந்த ஆட்டத்தில் 7 குழிகள் எஞ்சியிருக்கும்போதே 8 குழிகள் முன்னிலை பெற்று வென்றார். பட்டரைப் பிடிப்பதுபோல் அயர்ன் மட்டையைப் பிடித்துச் சிப் ஆடும் முறையை இவர் பின்னாளில் கற்பித்தார்.

மறுபக்கம், ஸ்பெயினின் செவே பயஸ்தெரோஸ் சிறுவனாக இருந்தபோது பெத்ரேன்யா ஊரின் கடற்கரை மணலில் ஒரு பழைய 3ஆம் எண் அயர்னை மட்டும் வைத்துப் பலவகை வீச்சுகளைக் கற்றார். அமெரிக்கரான பில் மிக்கெல்சன் கிரீனைச் சுற்றிலும் பெரும்பாலும் லாப் வெட்ஜையே நம்பி ஆடியவர்.

வார இறுதியில் மட்டும் ஆடுபவர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட வழி பரிந்துரைக்கப்படுவதுண்டு: 8ஆம் எண் அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பந்து எவ்வளவு பறந்து எவ்வளவு உருள்கிறது என்பதைப் பயிற்சியில் அளந்து மனத்தில் கொள்வது.

பட்டரைக் கொண்டு ஆடுதல்

கிரீனுக்கு வெளியே இருந்து பட்டரால் ஆடுவதற்கு டெக்சஸ் வெட்ஜ் என்ற விளையாட்டுப் பெயர் உண்டு. கிரீனுக்கும் பந்துக்கும் இடையே உள்ள புல் குட்டையாகவும் உலர்ந்தும் இருந்தால் இதுவே பிழைக்கு இடம் குறைந்த தெரிவு. மோசமாக அடிக்கப்பட்ட பட்டும், மோசமாக அடிக்கப்பட்ட சிப்பைவிடக் குழிக்கு அருகில் நிற்கும்.

1995ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப் இதற்கு நல்ல சான்று. கடைசிக் குழியில் இத்தாலியின் கொஸ்தான்தினோ ரொக்கா, ஜான் டேலியைச் சமன்செய்ய ஒரு சிப்பும் ஒரு பட்டும் மட்டுமே செலவிடலாம் என்ற நிலையில் இருந்தார். அவரது சிப் பிழைத்து, பந்து கிரீனின் முன்புறமுள்ள ‘பாவப் பள்ளத்தாக்கு’ எனப்படும் பள்ளத்தில் உருண்டு நின்றது. அடுத்து அவர் பட்டரை எடுத்தார். ஏறத்தாழ 65 அடி தொலைவில் இருந்து பந்து மேடேறிக் குழிக்குள் விழுந்தது. எனினும் அதனைத் தொடர்ந்த நான்கு குழி மேலதிக ஆட்டத்தில் டேலி வென்றார்.

2014ஆம் ஆண்டு பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பனில் ஜெர்மனியின் மார்ட்டின் கைமர், கவிழ்த்த கிண்ணம் போன்ற அதன் கிரீன்களைச் சுற்றிப் பெரும்பாலும் பட்டரையே பயன்படுத்தி, 8 வீச்சுகள் வேறுபாட்டில் வென்றார்.

பொதுவான பிழைகள்

- எல்லா இடத்திலும் லாப் வெட்ஜையே எடுப்பது. சாய்வு மிகுந்த மட்டைக்கு நீண்ட வீச்சு தேவை. வீச்சு நீளும்போது சிறு பிழையும் பெரிதாகிறது.
- பந்தைத் தூக்கிவிட முயல்வது. உடல் பின்சாய்வதால் மட்டை பந்துக்கு முன்பே தரையில் படும். அல்லது அதன் விளிம்பு பந்தின் நடுவில் பட்டுப் பந்து கிரீனைத் தாண்டி ஓடும்.
- விழுமிடத்தைப் பாராமல் குழியை மட்டும் பார்த்து ஆடுவது.
- பயிற்சியில் ஆடிப் பார்க்காத மட்டையைப் போட்டியில் எடுப்பது.

விதிகள்

ஒரு சுற்றில் ஆட்டக்காரர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எனவே கூடுதலாக ஒரு வெட்ஜ் சேர்க்க விரும்புபவர் வேறொரு மட்டையை விட்டுவிட வேண்டும். சிப் ஆடுவதற்கென்றே செய்யப்படும் சிப்பர் என்னும் மட்டை விதிகளின்படி அயர்னாகவே கருதப்படும். பட்டரைப் போல இருபுறமும் அடிக்கும் முகம் அதற்கு இருக்கக் கூடாது.

கிரீனுக்கு வெளியே இருந்து ஆடும்போது கொடிக்கம்பத்தைக் குழியிலேயே விட்டுவைக்கலாம். கிரீனில் பந்து விழுந்து ஏற்பட்ட குழிவுகளைச் சிப் ஆடுமுன் சீர்செய்துகொள்ளவும் இசைவு உண்டு.

ஒரே வீச்சில் மட்டை தற்செயலாகப் பந்தை இருமுறை தொட்டால் முன்பு ஒரு தண்ட வீச்சு சேர்க்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனின் இறுதிச் சுற்றில் 4 வீச்சுகள் முன்னிலையில் இருந்த தைவானின் டி. சி. சென், ஐந்தாம் குழியில் நெடும்புல்லில் இருந்து ஆடிய சிப்பில் மட்டை பந்தை இருமுறை தொட்டது. நான்கு வீச்சுகளில் முடிக்கவேண்டிய அக்குழிக்கு அவர் 8 வீச்சுகள் எடுத்தார். முன்னிலை முழுவதும் பறிபோனது. இறுதியில் ஒரே ஒரு வீச்சு வேறுபாட்டில் ஆண்டி நார்த்திடம் பட்டத்தை இழந்தார். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி இத்தகைய தற்செயலான இரட்டைத் தொடுதலுக்குத் தண்டம் இல்லை. அது ஒரு வீச்சாக மட்டுமே கணக்கிடப்படுகிறது.