மின்சார மோட்டாரில் ஊர்ப் பயணம்

பிழைப்பை நாடி மைசூர் வந்த நம்மவர் இங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும், பொங்கலும் தீபாவளியும் வந்தால் மலைக்கு அப்பாலுள்ள ஊரை நினையாதிருப்பதில்லை. குலதெய்வ வழிபாடு, கலியாணம், பெரியவர்களின் உடல்நலக் குறைவு என்று ஆண்டில் நான்கைந்து முறையேனும் புறப்பட வேண்டியிருக்கிறது. சாமராஜநகர் வரையில் எட்டிய இருப்புப்பாதை திம்பம் மலையைக் கடந்து சத்தியமங்கலத்தைச் சேரவில்லை. ஆகையால் ரயிலில் கோவை செல்வோர் பெங்களூர், சேலம் என்று சுற்றியே போக வேண்டும். குடும்பத்தோடு செல்வோர் சாலை வழியை விரும்புவதற்கு இதுவே காரணம்.

அண்மைக் காலத்தில் நம் சங்கக் குடும்பங்கள் சில மின்சாரக் காரை வாங்கியிருக்கின்றன. நகருக்குள் அதன் சிக்கனத்தைப் புகழாதவர் இல்லை. ஆயினும், “காட்டு வழியில் இதை நம்பிப் போகலாமா?” என்ற கேள்வி கூட்டந்தோறும் எழுகின்றது. எழுத்து வேலை பார்க்கும் ரயில்வே ஊழியன் யான், பொறியியல் கற்றவனல்லன். எனினும் எஞ்சினுக்கு எங்கே தண்ணீர், எங்கே கரி என்று கணக்கிட்டே வண்டியை ஓட்டிய ஓர் இலாகாவின் வழக்கம் இக்கேள்விக்கு விடை காண உதவும் என்று நம்புகிறேன்.

முன்னோர் பட்ட பாடு

பெட்ரோல் வண்டியும் பிறந்த நாளிலேயே ஊர்தோறும் பெட்ரோல் பங்குகளைக் காணவில்லை. 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் மாதரசி, தம் கணவர் படைத்த மோட்டாரில் இரு மைந்தருடன் மான்ஹைம் நகரிலிருந்து ப்போர்ஸ்ஹைம் நகருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் துணிக்கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றிப் பயணத்தைத் தொடர்ந்தார்.

மின்சாரமும் நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. கொள்ளேகாலுக்கு அண்மையிலுள்ள சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் உண்டான மின்சாரம் 1902-ல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. இடைவெளி ஏறத்தாழ 92 மைல். அப்பணிக்கு வித்திட்ட திவான் சேஷாத்ரி ஐயர் அது நிறைவேறுமுன் 1901-ல் மறைந்தார். அம்மின்சாரம் இயக்கிய சுரங்கங்களில் உழைத்தோருள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர் மிகப் பலர். அன்று மின்சாரம் நம்மவரைத் தேடி மலை கடந்து வந்தது. இன்று நாம் அதைச் சுமந்துகொண்டு மலை கடக்கப் பார்க்கிறோம்.

வண்டியின் கொள்ளளவு

கணக்கின் முதற்படி, வண்டியின் பாட்டரி எத்தனை யூனிட் கொள்ளும் என்று அறிதல். நம் வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட்டே இதற்கும் அளவு. 2020 ஜனவரியில் வெளிவந்த டாட்டா நெக்ஸான் வண்டியின் பாட்டரி 30.2 யூனிட் கொண்டது. சான்றிதழில் அதன் தூரம் 312 கிலோமீட்டர். சாலையில் ஓட்டுவோருக்குக் கிடைப்பதோ 200 அல்லது 220 தான். சான்றிதழ்ச் சோதனையில் குழந்தை குட்டிகளும் மூட்டை முடிச்சுகளும் குளிர்காற்று யந்திரமும் இல்லையன்றோ? ஆதலின் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது தகும்.

முப்பது யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 6 யூனிட்டை, இல்லாததாகவே கருத வேண்டும். எஞ்சிய 24 யூனிட்டில் 168 கிலோமீட்டர் செல்லலாம். இடையில் விரைவு நிலையத்தில் ஏற்றும்போது நூற்றுக்கு எண்பதோடு நிறுத்திவிடுதல் நன்று. குடம் நிறையும் தறுவாயில் தண்ணீரை மெல்ல வார்ப்பதுபோல், எண்பதுக்கு மேல் பாட்டரி மின்சாரத்தை மெதுவாகவே ஏற்கும். கடைசி இருபது பங்குக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த ஊரை அடைந்துவிடலாம்.

வேகமும் ஒரு கணக்கே. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அளவோடு 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு, 100-ல் பறப்பவரை விட யூனிட் மிஞ்சும். மின்னேற்றக் காத்திருப்பும் குறையும்.

மலை கேட்கும் வரி

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி வழியாகச் சத்தியமங்கலம் சுமார் 135 கிலோமீட்டர். அங்கிருந்து கோவை 70. போகும்போது மேட்டுநிலம் மெல்ல உயர்ந்து, திம்பத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளில் பண்ணாரிக்கு இறங்குகிறது. சத்தியமங்கலம் வரையில் செலவு 19 யூனிட் எனில், கையில் 11 இருக்கும். அவ்வூர்ப் பக்கம் அரைமணி அல்லது முக்கால்மணி நேரம் விரைவு யந்திரத்தில் ஏற்றினால் கோவை வரையில் கவலையில்லை.

திரும்பும் பயணத்திலோ கதை வேறு. அடிவாரத்திற்கும் திம்பத்திற்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 800 மீட்டர். ஆட்களோடும் சாமான்களோடும் ஒன்றே முக்கால் டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே 4 யூனிட் வேண்டும். சமதரையில் 28 கிலோமீட்டர் செல்லப் போதுமான சக்தியை 27 வளைவுகள் விழுங்கிவிடுகின்றன. கோவையில் நிரப்பிய 30 யூனிட்டில் சத்தியமங்கலம் வருமுன் 10 போய்விடும். மீதி 20; மைசூர் சேரத் தேவையோ மலைக்கணக்கையும் கூட்டினால் 23. போகையில் தட்டுத்தடுமாறி ஒரே ஏற்றத்தில் கோவை சேர்ந்தவரும், வருகையில் சத்தியமங்கலத்தில் நின்று ஏற்றாமல் மலைமேல் வரலாகாது.

இறக்கத்தில் சக்கரமே மின்சாரம் உண்டாக்கி ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பது உண்மையே. ரயில்வேயின் இன்றைய மின் எஞ்சின்களும் இறக்கத்தில் இவ்வாறு மின்சாரத்தை மேற்கம்பிக்கு அனுப்புகின்றன. ஆயினும் வந்தால் லாபம் என்று அதைக் கொள்ள வேண்டுமேயன்றி, வரவில் எழுதி வைத்துச் செலவு செய்யலாகாது. மேலும், ஆசனூர் போன்ற மலையூரில் இரவு தங்குவோர் பாட்டரியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பாட்டரி மீண்டுவரும் மின்சாரத்தை ஏற்காது. அந்தப் பிடிப்பும் குறைந்து, சுமை முழுதும் சக்கரப் பிரேக்கின்மேல் விழும்.

காட்டு வாயில் மூடும் நேரம்

இவற்றையெல்லாம் விடப் பெரியது காட்டின் கட்டுப்பாடு. பந்திப்பூர் வழியாக உதகைக்கும் வயநாட்டுக்கும் செல்லும் சாலைகள் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரையில் பொதுவாக மூடப்படுகின்றன. திம்பம் சாலையிலும் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்திற்கும் இடையே, சென்னை உயர்நீதிமன்றக் கட்டளைப்படி, 2022 பெப்ருவரியில் இரவுத் தடை வந்தது. நேரங்களும் விலக்குகளும் மாறக்கூடுமாகையால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. நீலகிரி செல்வோர் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பெற வேண்டியிருப்பதையும் மறவற்க.

பெட்ரோல் வண்டிக்காரர் எட்டரை மணிக்குப் பண்ணாரி வந்தாலும் தப்பிவிடுவார். மின் வண்டிக்காரரோ ஏற்றத்திற்கு எடுக்கும் நேரத்தையும் வாயில் மூடும் நேரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். சென்ற தீபாவளி முடிந்து திரும்பிய ஒரு குடும்பத்தை அறிவேன். வழியில் ஒரு நிலையத்தில் இரண்டு யந்திரங்களுள் ஒன்று பழுது. மற்றதற்கு மூன்று வண்டிகள் முன்னே நின்றன. கைக்குழந்தையோடு இரண்டரை மணி நேரம் காத்து, ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது வாயில் அடைத்தாயிற்று. சத்தியமங்கலத்துக்கே திரும்பி விடுதியில் தங்கி மறுநாள் வந்தனர்.

காட்டுக்குள் மின்சாரம் தீர்ந்து நிற்பது இதைவிடக் கொடிது. யானை நடமாடும் அச்சாலையில் வண்டியை நிறுத்துவதே விலக்கப்பட்டது. பெட்ரோலைக் கேனில் வாங்கி வரலாம். மின்சாரத்தை அவ்வாறு கொணர முடியாது. பெரும்பாலான மின் வண்டிகளைச் சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. தட்டு லாரியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். ஆகவே மாலை நான்கு மணிக்குள் மலையடிவாரத்தில் இருத்தல் வேண்டும் என்பதை விதியாகக் கொள்க.

நள்ளிரவில் ஊரிலிருந்து செய்தி வந்தால்?

வெளியூரில் வாழும் எவர் நெஞ்சிலும் இந்த அச்சம் உண்டு. “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா” என்று நள்ளிரவில் அழைப்பு வந்தால், மனம் அக்கணமே வண்டியை எடுக்கத் துடிக்கும். அந்நேரம் கணக்குப் போடும் நிலையில் எவரும் இருப்பதில்லை. ஆதலின் இப்பொழுதே போட்டு வைப்போம்.

கோவைக்குப் பெங்களூர், சேலம் வழி சுமார் 500 கிலோமீட்டர். ஓட்டம் 9 மணி, இரண்டு மூன்று ஏற்றங்களுக்கு 3 மணி. நள்ளிரவில் புறப்பட்டவர் நண்பகலில் சேர்வார். வண்டியை வீட்டுப் பிளக்கில் மாட்டிவிட்டு விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுபவரோ, 6 மணிக்குக் காட்டு வாயிலில் நிற்பார். பத்து, பத்தரைக்குள் கோவை சேர்வார். அந்த நான்கு மணி நேரத்தில் 15 ஆம்பியர் பிளக், மணிக்கு 3 யூனிட் வீதம் 12 யூனிட்டை ஏற்றித் தந்துவிடும். சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கத்தாருக்கு முடிவு வேறு. பெங்களூர் வழியாகச் சேலம் சுமார் 345 கிலோமீட்டர். அகன்ற சாலை, நிலையங்களும் மிகுதி. அவர்கள் உடனே புறப்படுவதே நலம். மாதேசுவரன் மலை, மேட்டூர் வழி குறுக்கேயாயினும் இரவுக்கு ஏற்றதன்று. சுருங்கச் சொன்னால், கோவைக்குப் பொறுத்தவர் முந்துவார். சேலத்துக்குச் சுற்றியவர் முந்துவார்.

நிலையமும் மாற்று நிலையமும்

1899-ல் குன்னூர் எட்டிய நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் இன்றும் ஹில்குரோவ் போன்ற இடங்களில் நின்று தண்ணீர் குடித்தே மலையேறுகிறது. அத்தகைய இடங்களை நம் பயணத்திற்கும் முன்கூட்டியே குறிக்க வேண்டும். ஒரு நிலையத்தை மட்டும் நம்பலாகாது. கையிலுள்ள மின்சாரத்தில் எட்டக்கூடிய மாற்று நிலையம் ஒன்று, அதுவும் பொய்த்தால் இரவு தங்கிப் பிளக்கில் மாட்டக்கூடிய விடுதி ஒன்று என மூன்றையும் தாளில் எழுதிக்கொள்க.

பெட்ரோல் பங்கில் ரூபாயை நீட்டினால் போதும். மின் நிலையங்களிலோ டாட்டா பவர், ஸியான் என நிறுவனத்திற்கொரு செயலி, அதில் முன்பணம். காட்டோரத்தில் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. ஆதலின் செயலிகளை மைசூரிலேயே இறக்கி, பணமும் கட்டி வைத்துவிடுக. பிளக்‌ஷேர் போன்ற செயலியில் நிலையம் இருப்பதை மட்டும் பார்த்தல் போதாது. கடைசியாக எவர் எந்த நாளில் வெற்றியோடு ஏற்றினார் என்பதையும் காண்க. இக்காலக் கார்களுக்கான விரைவு யந்திரம் சி.சி.எஸ்.-2 என்ற இணைப்பைக் கொண்டது. பழைய யந்திரங்கள் சிலவற்றின் மூக்கு நம் வண்டிக்குப் பொருந்தாது.

மத்திய மின்சார இலாகா 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிகள் நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டுமென்றன. நகர்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில் அது கைகூடி வருகின்றது. காடும் சிற்றூரும் பின்தங்கியே நிற்கின்றன. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் மரமற்ற நல்லார்பர் வெளியிலுள்ள கைகுனா என்னும் வழித்தங்கலில், 2022-ல் சமையலறையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கிக் கார்களுக்கு ஏற்றத் தொடங்கினர். தேவை வந்தால் வழியும் பிறக்கும்.

ஊர் வீட்டில்

ஊர் சேர்ந்தபின் வீட்டுப் பிளக்கில் மாட்டி இரவெல்லாம் ஏற்றலாம். ஆனால் அதற்கு எர்த் சரியாயிருத்தல் வேண்டும். எர்த் இல்லாத பிளக்கைப் பல வண்டிகளின் சார்ஜர் ஏற்காது. ஏற்காதிருப்பது நம் உயிருக்குக் காவல். மெல்லிய ஒயர் கொண்ட நீட்டிப்புப் பெட்டியைப் பயன்படுத்தினால் சூடேறித் தீப்பிடிக்கும். ஊர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, தனி ஒயரும் எர்த்தும் உள்ள 16 ஆம்பியர் பிளக் ஒன்றை ஒரு முறை போட்டுவிட்டால், வருமாண்டுகளுக்கெல்லாம் அது பயன்படும். தோட்டத்துப் பம்பு செட் இணைப்பில் மட்டும் மாட்டற்க. விவசாயத்திற்கென்று தந்த மின்சாரத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது குற்றம். அபராதம் உறவினர் தலையில் விழும்.

இன்னொன்று மரியாதையைப் பற்றியது. ஒரு முறை முழுதாக ஏற்றினால் 30 யூனிட்டுக்கு மேல் செலவாகும். இலவச அளவுக்குள் அடங்கிவந்த மாமன் வீட்டு மீட்டர் நம்மால் படி தாண்டக்கூடும். அவர்கள் வாய்திறந்து கேட்க மாட்டார்கள். நாமே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுதல் பண்பு. வாங்க மறுத்தால் குழந்தைகள் கையிலேனும் கொடுத்து வருக.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கப் படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். ஊர் சென்று வருபவர் ஒவ்வொருவரும், எந்த நிலையம் எந்நாளில் இயங்கிற்று, எவ்வளவு நேரம் காத்தனர், எந்த விடுதியில் பிளக் உண்டு, காட்டு வாயில் எப்போது மூடிற்று என்று நான்கு வரி எழுதி வைக்கட்டும். மின் வண்டி இல்லாதவரும் தம் ஊர் வீட்டில் நல்ல பிளக் இருந்தால் அதைக் குறிக்கலாம். வழியில் தவிக்கும் நம்மவர் ஒருவருக்கு அது நிழலாகும். முதற் பக்கத்தைக் கோவை வழிக்கும், அடுத்ததைச் சேலம் வழிக்கும் ஒதுக்கிக் கோடிட்டுத் தர யான் சித்தமாயிருக்கிறேன். பொங்கல் பயணத்திற்கு முன் பத்துக் குடும்பங்கள் எழுதிவிட்டாலே, எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் நம்மில் எவரும் இருட்டில் வழி தேட வேண்டியிராது.