அலைகளுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுக் குழாய்

சிங்கப்பூரிலிருந்து வார இறுதியில் முக்குளிக்கப் போகும் பலர் ஜோகூரின் மெர்சிங் வழியாகத்தான் செல்கிறார்கள். அந்தக் கரைக்கு அப்பால், 2022 ஏப்ரல் 6ஆம் தேதி நான்கு பேர் கடலில் இறங்கினார்கள். மேலே வந்தபோது படகைக் காணவில்லை. பயிற்றுவிப்பாளரை மறுநாள் இழுவைப் படகு ஒன்று மீட்டது. இன்னும் இருவர் இரண்டரை நாள் மிதந்து, வெகுதூரம் தெற்கே மீட்கப்பட்டனர். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை.

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, கடலில் இறங்குமுன் ஒரு பொருளை இருமுறை சரிபார்க்கிறேன். காற்றடைக்கும் மிதவைக் குழாய். முக்குளிப்பவர்கள் ‘எஸ்எம்பி’ என்பார்கள். சுருட்டினால் கைக்கு அடக்கம். ஊதினால் கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம், ஆரஞ்சு நிறத்தில் நிமிர்ந்து நிற்கும்.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நண்பரைத் தவறவிட்டால், “இன்ன கடை வாசலில் நிற்கிறேன்” என்று கைப்பேசியில் சொல்லிவிடலாம். கடலில் கடையும் இல்லை, வாசலும் இல்லை. தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மிதக்கும் தேங்காய்தான். அலை எழுந்தால் அதுவும் மறைந்துவிடும். கத்தினாலும் இயந்திரச் சத்தத்தில் கேட்காது. நீரோட்டமும் காத்திருக்காது. மணிக்கு 3.6 கிலோமீட்டர், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடும் நீர்கூட 10 நிமிடத்தில் 600 மீட்டர் இழுத்துச் சென்றுவிடும்.

படகுகள் மோதும் ஆபத்தும் உண்டு. கப்பல் போக்குவரத்து ஓயாத நம் புலாவ் ஹந்து பக்கம் இதை மறக்கவே கூடாது. அதனால்தான் நீருக்கடியிலிருந்தே குழாயை மேலே அனுப்புகிறோம். மேலேறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். அதற்குள் நூலில் கட்டிய குழாய் மேலே போய்விட்டால், நாம் எங்கே வரப்போகிறோம் என்பது படகோட்டிக்கு முன்பே தெரிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரு மடங்கு. அங்கே குழாயைப் பாதி ஊதினாலே மேலே போகும்போது நிரம்பிவிடும். நூல் சிக்கினால் உருளையை உடனே கைவிட வேண்டும். உடலோடு கொக்கி போட்டு மாட்டக் கூடாது. இல்லையென்றால் குழாய் நம்மையும் மேலே இழுக்கும். வேகமாக மேலேறுவது நுரையீரலுக்கு ஆபத்து.

எனவே வாங்கிப் பையில் போட்டால் மட்டும் போதாது. நீச்சல் குளத்தில், பயிற்றுவிப்பாளர் முன்னிலையில் பழகிக்கொள்ளுங்கள். விசிலும் சிறு விளக்கும் உடன் இருக்கட்டும். இரவில் ஆரஞ்சு நிறம் தெரியாது.

பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இரண்டே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் மிதவைக் குழாய் உண்டா? நாங்கள் கீழே இருக்கும்போது படகிலிருந்து கடலைக் கவனிப்பவர் யார்? பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு படகு பாருங்கள்.