கடுகு வீட்டுக் குறிப்பேடு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடுகு வாங்கப் போனால் பெரியதா, சின்னதா என்பதுதான் முதல் கேள்வி. திவான் ராஜா கேசவதாசன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சந்தை இது. பலசரக்கை முடித்துக்கொண்டு காய்கறிப் பக்கம் வந்தால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி. இவை எல்லாமே கடுகுக்குச் சொந்தக்காரர்கள். முதல் மூன்றும் ஒரே இனம்தான் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்.

ஓணப் பச்சடிக்குத் தேங்காயோடு பச்சைக் கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரம், தாளிக்கும்போது வருவதில்லை. கடுகுக்குள் அந்தக் காரம் தயாராக இல்லாததுதான் காரணம். சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. நசுக்கி ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கும். கொதிக்கும் எண்ணெயில் நொதி செத்துப்போகும். வாசனை மட்டும் மிஞ்சும். செடி இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்திருப்பது பச்சடிக்காக அல்ல, தன்னைக் கடிக்கும் புழுவுக்காக.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது? செடியின் மரபணுத் தொகுதியை வீட்டுச் சமையல் குறிப்பேடாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு குறிப்பேடுதான் என்றால் சாம்பார்ப் பக்கத்தில் யாரும் கைவைக்க முடியாது. தப்பினால் வீடே பட்டினி. இரண்டாவது படி இருந்தால் ஒன்றில் துணிந்து கிறுக்கலாம். செடிக்கு லியூசின் என்ற அமினோ அமிலம் கட்டாயம் வேண்டும். அதற்கான குறிப்பின் உபரிப் படி ஒன்று காலப்போக்கில் திருத்தப்பட்டு, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை நீட்டிக்கும் குறிப்பாக மாறியது. சினிக்ரின் உருவாகும் வழி அங்கேதான் தொடங்குகிறது. மூலப் படி இன்றும் லியூசின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எதிராளியும் சும்மா இல்லை. முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, சினிக்ரின் உடையும் திசையையே மாற்றி, நஞ்சு குறைந்த பொருளாக்கிவிடும் புரதத்தை வயிற்றில் வைத்திருக்கிறது. செடி புதுக் காரம் தேட, பூச்சி புது மாற்று தேட, பல கோடி ஆண்டுகளாக இது ஓயவில்லை.

சில சமயம் ஒரு பக்கம் அல்ல, குறிப்பேடு முழுவதுமே படியெடுக்கப்படும். கடுகு, கோஸ் வகைகளின் முன்னோரிடம் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது மூன்று படிகளாயிற்று. இதற்கு ஒப்பிட, தின்ன உதவாத அராபிடாப்சிஸ் என்ற களைச்செடி இருக்கிறது. தாவரங்களில் முதன்முதலாக, 2000இல், முழுமையாகப் படிக்கப்பட்ட குறிப்பேடு அதனுடையது. அதில் ஏறக்குறைய 27,000 மரபணுக்கள். மும்மடங்கு என்றால் 80,000 வரவேண்டும். 2011இல், அந்த முன்னோரின் வழிவந்த பிராசிகா ராபா என்ற செடியைப் படித்தபோது கிடைத்தது சுமார் 41,000தான். மீதியைக் கரையான் தின்றுவிட்டது. எல்லாப் படிகளையும் சமமாகத் தின்னவில்லை; ஒன்று ஓரளவு முழுசாகவும் மற்ற இரண்டும் கந்தலாகவும் கிடைத்தன. புளியும் உப்பும்போல ஒன்றுக்கொன்று அளவு பொருந்த வேண்டிய பக்கங்கள் கூடுதலாகத் தப்பின. பூக்கும் காலத்தைத் தடுத்துவைக்கும் எஃப்எல்சி மரபணு அராபிடாப்சிஸில் ஒன்றுதான். ராபாவில் பல படிகள். குளிர் தாண்டும்வரை காத்திருக்கும் செடியும் சட்டென்று பூத்துவிடும் செடியும் ஒரே இனத்தில் வாய்ப்பதற்கு இதுவும் ஒரு வழி.

நம் கடுகின் கதையில் இன்னொரு திருப்பம், கல்யாணம். 10 குரோமோசோம் ராபாவும் 8 குரோமோசோம் கருங்கடுகும் கலந்து 18 ஆனதே பிராசிகா ஜன்சியா. இந்த உறவுமுறையை 1935இல் முக்கோணமாக வரைந்து காட்டியவர் கொரிய வம்சாவளி விஞ்ஞானி ஊ ஜாங்-சுன். ராபாதான் தாய்வீடு, இலையின் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகம் அந்த வழியில் வந்தது. இரு வீட்டுக் குறிப்பேடுகளும் ஒரே அடுக்களையில் வந்து சேர்ந்துவிட்டன. ‘வருணா’ என்ற இந்திய ரகத்தில் இரண்டையும் தனித்தனியே பிரித்துப் படித்து, 2021இல் வெளியிட்டது தில்லிப் பல்கலைக்கழகக் குழு.

இந்தச் செழிப்பு பயிர் மேம்பாட்டாளருக்குத் தலைவலி. எண்ணெயில் எரூசிக் அமிலத்தைக் குறைக்க ஒரு மரபணுவை முடக்கினால் போதாது. மற்ற வீட்டுப் படி அதே சமையலைத் தொடரும். இரண்டையும் முடக்க வேண்டும். பிண்ணாக்கில் காரப் பொருள் மிகுந்தால் கால்நடைக்கு ஆகாது. செடி முழுவதும் குறைத்துவிட்டாலோ பூச்சிக்குக் கொண்டாட்டம். எனவே தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தினர் காரம் தயாராவதில் கைவைக்காமல், அதை விதைக்குச் சுமந்துசெல்லும் கடத்திகளின் மரபணுக்களைக் குறிவைத்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, அவற்றின் பல படிகளையும் கிரிஸ்பர் முறையில் திருத்த வேண்டியிருந்தது. விதையில் காரப் பொருள் குறைந்தது. இலையில் காவல் நீடித்தது.