குவாரி வருமுன் கிணற்றை அளந்து வைப்போம்

சாலைக்கும் பாலத்துக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும். நாடு வளர வளர அத்தேவையும் வளர்கிறது. ஆகவே, தோட்டங்களை அடுத்துள்ள குன்றுகளில் கல் குவாரி அமைக்க விண்ணப்பிப்பது வியப்பன்று. அச்செய்தி கேட்டதும் மக்கள் வெடிச் சத்தத்தையும் தூசியையுமே எண்ணுகின்றனர். ஆனால், குழாய் நீர் எட்டாத இடங்களில் கிணற்றையும் ஓடையையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு நீரே முதற் கவலையாக இருத்தல் வேண்டும்.

பாறைக்குள் நீர்

தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. கருங்கல் தன்னுள் நீரை உறிஞ்சி வைப்பதில்லை. அதன்மேல் மூடியுள்ள மண்ணிலும் பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்கி நகர்கிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி இறங்கும்போது, அவ்வெடிப்புகளின் வழியே நீர் குழிக்குள் ஊறும். வேலை நடப்பதற்காக அதனை இறைத்து வெளியேற்றுவர். அதனால் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழக்கூடும்.

பேரா மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் காணும் சுண்ணாம்புக்கல்லின் தன்மை வேறு. மழைநீர் நெடுங்காலம் அதனைக் கரைத்துக் குகைகளையும் நீர்வழிகளையும் உண்டாக்கியுள்ளது. மண்ணில் வடிகட்டப்படாமலே நீர் அவற்றில் விரைந்தோடும். ஓரிடத்தில் சிந்திய டீசல் தொலைவிலுள்ள ஊற்றில் வெளிப்படலாம்.

ஓடைக்கு நேரும் கேடு

மரமும் புல்லும் அகற்றப்பட்ட சரிவில் மழை பெய்தால், மண்ணும் கல்தூளும் ஓடையில் சேரும். நீர் கலங்கும், படுகை மேடாகும், வெள்ளம் எளிதில் கரை கடக்கும். இதனைத் தடுக்க, குவாரியிலிருந்து வரும் நீர் வண்டல் படியும் குளங்களில் தங்கித் தெளிந்த பின்னரே வெளியேற வேண்டும். படிந்த வண்டலை அவ்வப்போது அள்ளாவிடில், அக்குளங்களால் பயனில்லை.

வெடிமருந்தையும் கருத வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒருவகையில் சுமார் 94 விழுக்காடு அம்மோனியம் நைட்ரேட், எஞ்சியது எண்ணெய். சிந்தியதும் வெடிக்காமல் எஞ்சியதும் நீரில் எளிதில் கரையும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியை ஏந்தும் ஆற்றல் குன்றும். காய்ச்சுவதால் நைட்ரேட் அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

கணக்கே சான்று

கிணறு வற்றிய பின், குவாரியே காரணம் என்று தோட்ட மக்களும், வறட்சியே காரணம் என்று குவாரியினரும் வாதிட்டால் தீர்ப்பது எப்படி? முன்பிருந்த நீரின் கணக்கு இருந்தால்தான் உண்மை விளங்கும்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து நீர் வரையுள்ள ஆழத்தை வாரம் ஒருமுறை அளந்து, தேதியுடன் எழுதி வையுங்கள். காலையில் நீர் இறைப்பதற்கு முன் அளப்பது நன்று. மழைக்காலமும் வறண்ட காலமும் அடங்குமாறு ஓராண்டேனும் இதனைச் செய்தல் வேண்டும். குன்றுக்குத் தொலைவிலுள்ள கிணறொன்றையும் அளவுங்கள். இரண்டும் ஒருசேரத் தாழ்ந்தால் வறட்சி காரணமாகலாம். அருகிலுள்ளது மட்டும் தாழ்ந்தால் குவாரியை ஆராய வேண்டும். நீரின் தரத்தைச் சோதிக்க மாவட்டச் சுகாதார அலுவலகத்தை நாடுங்கள்.

யாரிடம் முறையிடுவது?

நிலம் மாநில அரசின் பொறுப்பு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, கல்லை வெட்டி எடுத்துச் செல்ல மாநில அனுமதி தேவை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 1987ஆம் ஆண்டு ஆணை, குடியிருப்புகளுக்கு 3 கிலோமீட்டருக்குள் அமையும் குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2015இல் புதிய ஆணை அதற்குப் பதிலாக வந்தது. ஆகவே, இன்றுள்ள விதியைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் கேட்டறியுங்கள்.

அனுமதி வழங்கப்படுமுன் எழுத்து மூலம் கருத்துரைப்பதே நலம். தோட்டத் தலைவர்களும் தொழிற்சங்கத்தினரும் ஒன்றுகூடி, தம் நீர்க்கணக்கையும் அதனுடன் இணைத்து அனுப்புவார்களாக. நாட்டுக்குக் கல் தேவை. தோட்டத்துக்கு நீர் தேவை. இரண்டையும் காக்க இன்றே அளவெடுக்கத் தொடங்குவோம்.