புளியரை இறக்கமும் கார் பிரேக்கும்

கொல்லத்திலிருந்து வருகிற வண்டி ஆரியங்காவைக் கடந்து கோட்டைவாசலில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததுமே இறக்கம் ஆரம்பித்துவிடும். அடுத்து எஸ் வளைவு. அதற்குக் கீழே புளியரை, செங்கோட்டை, தென்காசி. ஒரு காலத்தில் 208 என்ற எண்ணில் இருந்த தேசிய நெடுஞ்சாலை இன்று 744. செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். இத்தனை மாறியும், ஒரு காரில் பிரேக் ஒழுங்காக இருக்கிறதா என்று இந்தப் பக்கத்து ஆட்கள் பார்ப்பது இன்னமும் இந்த இறக்கத்தில்தான்.

அம்பாசிடர் காலத்தில் அந்தப் பரீட்சை கொஞ்சம் கடுமையானது. 1958-லிருந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட வண்டி அது. அதன் பழைய மாடல்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூடிய இரும்புச் சட்டிக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் அந்த இரண்டையும் விரித்துச் சட்டியின் உட்சுவரில் அழுத்தும். எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு ரப்பர் வாஷர் கசிந்தால் பெடல் தரையைத் தொடும், நாலு சக்கரமும் சேர்ந்து கைவிடும். இன்றைய கார்களில் சுற்று இரண்டு. ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும். அன்று அந்த வசதி இல்லாததால் டிரைவர்கள் காலாலேயே நாடி பார்த்தார்கள். “ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்கும் அண்ணாச்சி” என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பது அன்று சகஜம். இன்று அப்படிச் சொல்லி யாராவது வண்டியைக் கொடுத்தால் ஆட்டோ பிடித்துப் போய்விடுவேன்.

இதோடு குற்றாலச் சாரல். ஆனி, ஆடியில் ஐந்தருவிச் சாலையிலும் பழைய குற்றாலத்துச் சாலையிலும் தண்ணீர் ஓடும்போது டிரம்முக்குள் ஈரம் புகுந்துவிடும். உள்ளே போன நீர் வெளியேற வழி கிடையாது. ஷூவின் மேலிருக்கிற லைனருக்கும் இரும்புக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுகொள்ளும், பெடலை மிதித்தால் பிடிக்காது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் காய்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். தண்ணீரைத் தாண்டியதும் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே கொஞ்ச தூரம் ஓட்டி, அந்தச் சூட்டிலேயே காயவைப்பார்கள். சீசன் டாக்சி ஓட்டியவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

மலையில் சிக்கல் நேர்மாறானது. இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே வந்தால் டிரம் சூடேறும். சூடேறிய டிரம் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகிப் போகும். மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே கீழே இறங்கும். லைனரும் பிடிமானத்தை இழக்கும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அந்தக் காலத்து விதி. கோட்டைவாசலில் இரண்டாம் கியருக்கு வந்து, இன்ஜின் முனகலோடு கீழே இறங்குவார்கள். பிரேக் இருந்தது கடைசி நேரத் தேவைக்கு.

பிரேக் வேலையை வீட்டில் செய்வது பற்றி அன்று யாரும் யோசித்ததில்லை. டிரம்மைக் கழற்றுவதே ஒரு பாடு. தேய்மானத்தில் விளிம்பு கட்டி, ஷூவைக் கவ்விக்கொண்டு வராது. மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். உள்ளே முரட்டு ஸ்பிரிங்குகள், இடுக்கி நழுவினால் விரல் போகும். ஷூவை எடுத்துக்கொண்டு லைனர் கடைக்குப் போனால், பழைய பித்தளை ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டுப் புது லைனரை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிவெட் அடிப்பார்கள். டிரம்மில் கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைசல். பிறகு ஷூவின் மேல் சாக்பீஸைத் தடவி, டிரம்மில் வைத்துச் சுழற்றி, சாக்பீஸ் அழிந்த மேட்டை மட்டும் உப்புத்தாளில் தேய்ப்பார் மேஸ்திரி. அதையும் முடித்துக் காற்றெடுக்க ஒரு பையன் பெடலை மிதிக்க வேண்டும், கீழே படுத்திருப்பவர் “மிதி… பிடி… விடு” என்று கத்த வேண்டும். காலையில் விட்ட வண்டி சாயங்காலம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்தப் பட்டறைகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்கள் விட்டுவிடுகிற ஒன்று, தூசு. டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் குழாயை வைத்து ஒரு ஊது ஊதுவார்கள். கறுப்புப் புகை மாதிரி எழும்பும். பழைய லைனரில் கல்நார் இருந்தது, அதன் நுண்ணிழை நுரையீரலில் போய்த் தங்கினால் கேடு பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். கல்நார் ஆலைகள் தங்கள் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஆலைக்காரர்களுக்கு. டிரம்முக்கு முன் குத்தவைத்து ஊதிய பையனுக்கு எந்த ரிஜிஸ்டரில் பெயர் இருந்தது?

உதிரிப் பாகங்கள் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தன. பஸ் கண்டக்டர் கையில் பார்சல் கொடுத்தனுப்பி, தென்காசி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொள்வார்கள். மதுரையில் மோட்டார் தொழிலைத் தொடங்கி வைத்த டி.வி. சுந்தரம் ஐயங்காரே இந்தச் சீமைக்காரர், திருக்குறுங்குடியில் பிறந்தவர். அவர் குடும்பத்தாரின் கூட்டு முயற்சியில் 1962-ல் சென்னை பாடியில் எழுந்தது பிரேக்ஸ் இந்தியா. ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று லைனர் செய்கிற பெரிய பெயர்களும் சென்னைக்காரர்களே. நாட்டில் பாதி வண்டிகள் நிற்பது தமிழ்நாட்டுச் சரக்கில் என்று பட்டறைக்காரர்கள் பெருமையடிப்பார்கள். கணக்கு எப்படியோ, பெருமை நியாயமானது.

டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கோடு ஓடிய ஜாகுவார் ஜெயித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் அதைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. தென்காசித் தெருக்களுக்கு அது சாதாரணமாக வந்து சேர்ந்தது மாருதி பெருகிய பிறகு. ஒரு வட்டத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்வுகிற இரண்டு பேடு, அவ்வளவுதான். எல்லாம் வெளியே காற்றில் இருக்கிறது. தண்ணீர் பட்டால் சுழற்சியில் தெறித்துவிடும், சூடேறினால் தட்டு பேடுகளின் பக்கமாகவே விரியும். அம்பாசிடர்காரர்களைப் படுத்திய இரண்டு தொல்லையும் ஒரே அடியில் குறைந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், பிரேக் வேலை பட்டறையை விட்டு வீட்டுக்கு வந்தது.

இலஞ்சியில் என் அக்கா மகன் வீட்டுப் போர்டிகோவில் பத்து வருஷ ஸ்விஃப்ட் ஒன்றுக்கு முன்சக்கர பேடும் டிஸ்க்கும் மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேடில் இருக்கிற மெல்லிய தகடு டிஸ்க்கில் உரசி ஒரு வாரமாகக் கீச்சிட்டிருக்கிறது; பேடு தேய்ந்துவிட்டது என்று வண்டியே சொல்கிற ஏற்பாடு அது. வாசலில் இருக்கிற சாய்தளத்தில் வண்டியை நிறுத்தவில்லை, சமதளத்துக்குக் கொண்டுபோய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஜாக்கியை நம்பாமல் முக்காலி ஸ்டாண்ட் கொடுத்தான். அதுவரை அவன் செய்வது விளையாட்டு என்று நினைத்திருந்தவன், அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பேடுகளை அழுத்துகிற காலிப்பரைக் கழற்றியதும் ஒரு கட்டுக் கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினான். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே கிழியும். பழைய டிஸ்க் துருவில் ஹப்போடு ஒட்டிக் கிடந்தது. சாரல் ஊரில் அது ஒட்டாமல் இருந்தால்தான் அதிசயம். சுத்தியலை எடுப்பான் என்று பார்த்தால், டிஸ்க்கின் முகத்திலேயே மரையோடு இருக்கிற இரண்டு துளைகளில் 8 மில்லி போல்ட் இரண்டைப் பூட்டி, இதைக் கால் சுற்று, அதைக் கால் சுற்று என்று மாறி மாறி முறுக்கினான். ‘டக்’கென்று தட்டு கழன்று வந்தது. ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டான். அங்கே ஒரு பொடித் துரு மிச்சமிருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்காரும், கொஞ்ச நாளில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயை ஸ்ப்ரே அடித்துத் துடைத்தான். பழைய பேடை வைத்தே பிஸ்டனை உள்ளே தள்ளியபோது, பானெட்டுக்குக் கீழே பிரேக் ஆயில் ஏறி வழியாமல் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினான். ஸ்லைடர் பின்னுக்கு கிரீஸ். எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்புவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினான். இதை மறந்தவர்கள் முதல் மிதியிலேயே எதிர்ச் சுவரில் போய் நிற்பார்கள். பிறகு ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 20 வரை பலமுறை மிதமாகப் பிடித்துப் பிடித்துப் பேடையும் டிஸ்க்கையும் பழக்கினான்.

அவன் பட்டறையில் ஒரு நாள்கூட நின்றதில்லை. கற்றது செல்போன் வீடியோவில், பேடு வந்தது கூரியரில். டூப்ளிகேட் பெட்டியும் அதே கூரியரில் வரும் என்பதால், ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் இன்றைய கைகள் கெட்டி, கால்கள் அவ்வளவு கெட்டியில்லை. ஐயப்ப சீசனில் இரவோடு இரவாக மலை இறங்கும் வண்டிகள் புளியரையில் டீக்கு நிற்கும்போது, சக்கரத்துப் பக்கம் போனால் கருகிய வாடை அடிக்கும். ஆட்டோமேட்டிக் கியரை ‘டி’யிலேயே விட்டுவிட்டு வளைவு வளைவாகப் பிரேக்கிலேயே இறங்கியிருப்பார்கள். அதே கியரில் ‘எல்’ என்றோ ‘எம்’ என்றோ எதற்காக எழுதி வைத்திருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், சூடேறிய பேடைக் குளிரவைக்காது. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் தரக்கணக்கே 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ், பெடல் பஞ்சு. வருஷத்தில் மூன்று மாதம் சாரலில் நனைகிற ஊரில், பேடை மாற்றத் தெரிந்தவர்கள்கூட இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

டிரம் ஒழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. சின்னக் கார்கள் பலவற்றின் பின்சக்கரத்தில் இன்னமும் அதே சட்டி, அதே ஷூ, அதே ஸ்பிரிங். அக்கா மகன் அதில் கை வைப்பதில்லை, தென்காசிப் பட்டறைக்குத்தான் கொண்டுபோகிறான். ரிவெட் அடிப்பதுதான் காருக்கு அருகிவிட்டது, ஒட்டிய லைனரோடு ஷூவே புதிதாக வருகிறது.

விலை கூடிய கார்களில் பின்பக்கமும் டிஸ்க் வந்தாயிற்று, கூடவே பட்டன் ஹேண்ட்பிரேக்கும். அதில் காலிப்பருக்குள்ளே ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேனரை மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் போய்விடும், செலவு பேடு விலையைப் போலப் பல மடங்கு. மின்சாரக் கார்களில் இன்னொரு கூத்து: இறக்கத்தில் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதால் பேடு தேய்வதே குறைவு, குற்றாலத்து ஈரத்தில் டிஸ்க் தேயாமலே துருப்பிடிக்கிறது. அக்கா மகன் இப்போது ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டுப் பட்டன் ஹேண்ட்பிரேக் வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கூடவே ஸ்கேனர் விலையையும் விசாரித்துவிட்டான். பட்டறை அண்ணாச்சி வாங்கி வைத்திருப்பதில் பாதி விலைக்கு ஒன்று கிடைக்கிறதாம்.